பதினாலாம் நம்பர் பாராட்டு

டோக்கன் சாருக்கு இரண்டு வாழ்க்கை. காலை ஏழரையிலிருந்து மாலை நான்கு வரை ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து நம்பர் கூப்பிடுவது ஒன்று. "சார், என் நம்பர் எப்ப வரும்?" என்ற ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு எண்பது பேர் கேட்பார்கள். எண்பது பேருக்கும் "கூப்பிடுறேன், உக்காருங்க" என்று அலுக்காமல் சொல்வார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்டு.

மிச்ச நேரத்தில் அவர் ககனச்சிறகு. 'எண்ணங்களின் எல்லையில்' என்ற வலைப்பூவை ஒன்பது வருடமாக நடத்துகிறவர். பிரபஞ்சம், மௌனம், காலம், மனிதம் என்ற நான்கில் ஒன்றையாவது தொடாமல் அவர் பதிவு முடிந்ததில்லை. ஒரு முறை பல் வலிக்குப் போய்வந்ததை எழுதினார். மூன்றாவது வரியில் பல்லை விட்டுவிட்டுப் பிரபஞ்சத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே ஒரு நாள் கேட்டார்: "ஏங்க, இதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களா?"

"பதினோரு பேர் தவறாம கருத்து போடுறாங்க."

"நான் கேட்டது அது இல்ல."

டோக்கன் சார் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்கு டீச்சர்களோடு வாதாடுவதில் இதுதான் சங்கடம். கேட்ட கேள்வியை அவர்கள் மறப்பதே இல்லை.

பதினோரு பேர் விஷயம் என்னவென்றால், 'எழுத்துச் சோலை' என்று ஒரு வலைக்குழு. டோக்கன் சாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பதிவர்கள். ஒருவர் ஒரு பதிவு போட்டால் மற்ற பதினோரு பேரும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கருத்து எழுதியாக வேண்டும். கருத்து எட்டுச் சொல்லுக்குக் குறையக் கூடாது. மனம் தளரச் செய்யும் சொற்களுக்கு அனுமதி இல்லை. மூன்று முறை தவறினால் வருகைப் பட்டியலில் பெயர் சிவப்பாகும். இந்தச் சட்டங்களை இயற்றிய சோலைத் தலைவர், குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வாரியத்திலிருந்து மட்டும்தான், தலைமையிலிருந்து அல்ல. 'வணக்கம்' என்பதைக்கூட அவர் சுற்றறிக்கையாகத்தான் அனுப்புவார்.

பதினோரு பேர், ஆளுக்கு வாரம் இரண்டு பதிவு. எல்லாவற்றையும் படித்துக் கருத்து எழுத வேண்டுமென்றால் மனிதன் வேலையை விட வேண்டும். டோக்கன் சார் வேலையை விடவில்லை; வேறு வழி கண்டுபிடித்தார். கணினியில் 'பாராட்டு' என்று ஒரு கோப்பு. அதில் இருபத்திரண்டு பாராட்டுகள், வரிசை எண் போட்டு. டோக்கன் கொடுக்கிற கை அல்லவா, அதே முறையைத்தான் பாராட்டுக்கும் வைத்துக்கொண்டார். யாருக்கு எந்த நம்பர் போனது என்று பக்கத்தில் குறித்துவைப்பார். ஒருவருக்கு ஒரே பாராட்டு ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை போய்விடக் கூடாது, பாருங்கள். அந்த அளவுக்கு நாணயஸ்தர்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய ஆயிரமாவது பதிவு. தலைப்பு: 'காத்திருத்தலின் தத்துவம்'. மூன்று வாரம் செதுக்கிய கட்டுரை. பிரபஞ்சமும் மௌனமும் காலமும் மனிதமும் நான்குமே அதில் இருந்தன. ஆயிரத்தைத் தொட்டவருக்குச் சோலையில் 'சொற்சிகரம்' என்ற விருது உண்டு. அடுத்த ஞாயிறு இணையவழி விழா என்று தலைவர் அறிவித்தாகிவிட்டது. விருது ஒரு படமாகத்தான் வரும், சட்டம் போட்டுக்கொள்வது அவரவர் பொறுப்பு. ஆனாலும் டோக்கன் சார் அதற்காகவே புதுச் சட்டை எடுத்திருந்தார்.

சனிக்கிழமை காலை கூட்டம் நெரிந்தது. பென் டிரைவிலிருந்த கட்டுரையைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து, வலைப்பூவில் தலைப்பையும் அடித்துவிட்டார். ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து நர்ஸம்மா உள்ளேயிருந்து, "சார், தண்ணி குடிக்கிற பேப்பர் தீந்துபோச்சு, இன்னொரு பத்து அடிச்சுக் குடுங்க!" என்று குரல் கொடுத்தார். ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கான அந்த அறிவிப்பை நகலெடுத்து, பெரிய எழுத்தில் ஒட்டி, பத்துத் தாள் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வந்து, வலைப்பூவில் ஒட்டி, வெளியிட்டார். அதற்குள் முப்பத்தேழாம் நம்பர்காரர் மேசையைத் தட்டினார்.

மாலை வீட்டில் வந்து பார்த்தால் பத்துக் கருத்துகள் வந்திருந்தன.

"ஒவ்வொரு வரியும் என் வாழ்க்கையையே பேசுகிறது, ககனச்சிறகாரே!" என்றார் பனித்துளி.

"எளிய சொற்களில் எத்தனை ஆழம்! கண்கள் பனித்தன" என்றார் சிந்தனைச்சுடர்.

தலைவரோ, "ஆயிரமாவது பதிவு ஓர் அமுத ஊற்று. விழாவில் இதனை முழுமையாக வாசித்தளிக்க ஆணையிட்டுள்ளேன்" என்று எழுதியிருந்தார்.

டோக்கன் சாருக்கு உச்சி குளிர்ந்தது. தானும் ஒரு முறை படித்து இன்புறலாமே என்று பதிவின் மேலே போனார்.

'ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன் நான்கு டம்ளர் தண்ணீர் குடிக்கவும். குடித்த பின் சிறுநீர் கழிக்கக் கூடாது. நிறைந்துவிட்டதாகத் தோன்றினால் மேசையில் வந்து சொல்லவும். அவசரப்படுத்த வேண்டாம்; உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் அதே அவசரம்தான்.'

அவ்வளவுதான் பதிவு.

டோக்கன் சாருக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த அறிவிப்பை எழுதியதும் அவர்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். உண்மையைச் சொன்னால், அவர் எழுதியதிலேயே மிக அதிகம் பேர் படித்ததும், படித்தபடி நடந்துகொண்டதும் அது ஒன்றுதான். ஆனால் பனித்துளியின் வாழ்க்கையை அது எந்த இடத்தில் பேசியது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மனைவி கேட்ட கேள்வி இப்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. யாராவது படிக்கிறாங்களா?

சரி செய்ய ஒரு நிமிடம் போதும். அறிவிப்பை அழித்துவிட்டுக் கட்டுரையை ஒட்டினால் தீர்ந்தது. ஒரு குஞ்சுக்கும் தெரியாது, படித்திருந்தால்தானே தெரிவதற்கு. பென் டிரைவைச் சொருகப் போனபோது, பதினோராவது கருத்து வந்து விழுந்தது.

அது 'ஜன்னல்சீட்டு' எழுதியது. சோலையில் சேர்ந்து ஐந்து மாதமான புது உறுப்பினர். நகரப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி என்பது தவிர டோக்கன் சாருக்கு அவரைப் பற்றி வேறு எதுவும் தெரியாது.

"சார், ரொம்ப நன்றி. எனக்கு வர்ற செவ்வாய்க்கிழமை இந்த ஸ்கேன்தான். எங்க ஊரு சென்டர்ல போன்ல 'தண்ணி குடிச்சிட்டு வாங்க'ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டாங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். நாலு டம்ளர்னா எந்த டம்ளர்? எங்க வீட்டுல மூணு அளவு இருக்கு."

படித்திருக்கிறார். கடைசி வரிவரைக்கும் படித்து, வீட்டில் போய் டம்ளரையும் பார்த்திருக்கிறார்.

இங்கேதான் சிக்கல். நேராகப் பதில் சொன்னால், ஆயிரமாவது பதிவு ஸ்கேன் சென்டர் அறிவிப்பு என்று ஊரறியப் பறைசாற்றியது போலாகும். தன் மானம் மட்டும் போனால் பரவாயில்லை. கண்கள் பனித்தவர்கள், அமுத ஊற்றைக் கண்டவர்கள் எல்லார் மானமும் சேர்த்துக் கப்பலேறும். தலைவர் சும்மா விடுவாரா? சிகரமும் போய் சோலையும் போய்விடும். பதில் சொல்லாமல் கேள்வியை அழித்துவிடலாம்; ஆனால் கேட்டவர் கதி? தனியாக எழுதிப் போடவும் வழியில்லை. முகவரி, தொலைபேசி எண் கேட்பது சோலையில் தடை.

டோக்கன் சார் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தார். "அவரவர் தாகமே அவரவர் அளவுகோல். தங்கள் கொள்ளளவுக்கேற்ப அருந்துக" என்று எழுதினார். கேள்விக்குப் பதிலும் ஆயிற்று, தத்துவமும் ஆயிற்று.

ஐந்து நிமிடத்தில் மறுமொழி வந்தது: "புரியல சார். தாகமே இல்ல, பயமாத்தான் இருக்கு. சில்வர் டம்ளரா, கண்ணாடி டம்ளரா? அதை மட்டும் சொல்லுங்க."

பயம் என்ற சொல் டோக்கன் சாரைத் தைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "எப்ப வரும்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். ஆனால் எண்பது பேரும் கேட்பது அதைத்தான் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பெண்மணிக்கு என்ன ஆயிற்று? ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவருடைய வலைப்பூவைப் படிப்பதற்காகத் திறந்தார். இரண்டு வாரத்துக்கு முந்தைய பதிவு மேலே இருந்தது. தலைப்பு, 'இடது பக்கம்'.

'மூணு வாரமா அடிவயித்துல இடது பக்கம் வலி. ரவுண்டானாவுல ஸ்டியரிங்க ஒடிக்கும்போது சுருக்குனு இழுக்குது. டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. அதை வண்டியில கண்ணுக்கு மேல மடக்குற தட்டியில சொருகி வச்சிருக்கேன். வெயில் அடிச்சாலும் அந்தத் தட்டிய இறக்கறதில்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுல இன்னும் சொல்லல. இங்க சொல்லிட்டேன், ஏன்னு தெரியல.'

அதற்குக் கீழே பதினோரு கருத்துகள். "பயண அனுபவம் பிரமாதம்!" என்றிருந்தார் பனித்துளி. "தங்கள் பேருந்து இன்னும் பல மைல்கல் தொடட்டும்" என்றிருந்தார் தலைவர். மூன்றாவதாக ககனச்சிறகு:

"அருமை! இதுபோன்ற அனுபவங்கள் தங்களுக்கு மேலும் பல வாய்க்க வாழ்த்துகிறேன்!"

பாராட்டு நம்பர் பதினாலு.

டோக்கன் சார் கோப்பைத் திறந்து பார்த்தார். பதினாலுக்கு நேரே 'ஜன்னல்சீட்டு' என்று தேதியோடு, பிழையில்லாமல் குறித்திருந்தது.

"ஏங்க, சாப்பாடு ஆறுது" என்றார் மனைவி.

"கொஞ்சம் இங்க வாயேன்."

டீச்சர் வந்து இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். அறிவிப்பையும் பத்துப் பாராட்டையும் படித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பதினாலாம் நம்பரைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்களா எழுதினீங்க இத?"

"எழுதல. ஒட்டினேன்."

"அந்தப் பொண்ணு டம்ளர் அளவு கேட்டுச்சே, சொன்னீங்களா?"

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை விருது."

டீச்சர் சமையலறைக்குப் போய் ஒரு சில்வர் டம்ளரையும் அளவு ஜாடியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அளந்து சொல்லுங்க. தோராயமாச் சொல்லாதீங்க" என்றார்.

டோக்கன் சார் அளந்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். பிரபஞ்சம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. போ என்று சொல்லிவிட்டார்.

"அம்மா, நான் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறவன். இந்தப் பதிவு கட்டுரை இல்லை, எங்கள் சென்டர் அறிவிப்பு. தப்பாக ஒட்டிவிட்டேன். டம்ளர் என்றது கால் லிட்டர் பிடிக்கிற டம்ளர். மொத்தம் ஒரு லிட்டர். ஒரே மூச்சில் குடிக்காதீர்கள், வாந்தி வரும். கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள். கூட்டம் இருந்தால் முதலிலேயே குடித்துவிடாதீர்கள், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்கேன் வலிக்காது, ஜெல்தான் ஜில்லென்று இருக்கும். உங்கள் 'இடது பக்கம்' பதிவை இப்போதுதான் படித்தேன். அன்றைக்குப் படிக்காமலே கருத்துப் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்."

வெளியிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். அளந்து வைத்தது வீணாகக் கூடாதல்லவா.

மறுநாள் ஞாயிறு. சோலையில் மயான அமைதி. பத்து வலைப்பூக்களிலும் ஒரு பதிவு கிடையாது. மாலையில் தலைவரின் சுற்றறிக்கை வந்தது: 'ககனச்சிறகு அவர்கள் சோலையின் மாண்புக்கு ஊறு விளைவித்துள்ளார். சொற்சிகரம் நிறுத்திவைக்கப்படுகிறது. மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' டோக்கன் சார் புதுச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். ஒன்பது வருடம், ஆயிரம் பதிவு, கடைசியில் மிஞ்சியது தண்ணீர்.

ஜன்னல்சீட்டின் பதில் திங்கட்கிழமை காலையில் வந்தது.

"நன்றி சார். அக்காகிட்ட சொல்லிட்டேன். நல்லாத் திட்டினா, அப்புறம் லீவு போட்டுட்டுக் கூட வரேன்னுட்டா. மன்னிப்பெல்லாம் வேணாம். நான் உங்க பழைய பதிவெல்லாம் படிச்சிருக்கேன். வண்டி டெப்போவுல நிக்கிற நேரத்துல ஒண்ணொண்ணாப் படிப்பேன். பாதி புரியாது. ஆனா இருநூத்திப் பன்னெண்டாவது பதிவு, குடை பத்தி எழுதினீங்களே, அது ரொம்பப் பிடிக்கும். ரெண்டு மூணு தடவ படிச்சேன்."

டோக்கன் சாருக்கே அது மறந்துபோயிருந்தது. தேடி எடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்தையது, சோலையே இல்லாத காலம். கருத்துகள்: பூஜ்யம். ஏதோ ஒரு மழை நாளில் பிரபஞ்சம் கைகொடுக்காமல் அவசரத்துக்கு எழுதிப் போட்டது. 'ஸ்கேன் சென்டரின் மூலையில் மறந்துபோன குடைகளாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. யார் மறக்கிறார்கள் என்று கவனித்துப் பார்த்தேன். கெட்ட செய்தி வாங்கியவர்கள் குடை, பை, செருப்பு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னவர்கள்தான் மழையிலேயே இறங்கி நடக்கிறார்கள்.' அவ்வளவுதான் பதிவு, பதினாறு வரி.

அதை இரண்டு மூன்று தடவை படித்தார். எழுதியவன் யாரோ, பரவாயில்லை, விஷயம் தெரிந்தவன் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டோக்கன் சாரின் மேசைக்கு முன்னால் இருபது பேர் நெளிந்துகொண்டிருந்தபோது, கணினியில் ஜன்னல்சீட்டின் புதுப் பதிவு. ஒரே வரி. 'சென்டர் வந்தாச்சு. எனக்கு முன்னாடி ஏழு பேர். அக்கா பக்கத்துல. இப்பத்தான் மொத டம்ளர்.'

"சரியான நேரம். நிதானமாகக் குடியுங்கள்" என்று எழுதினார். முப்பதாம் நம்பருக்கு டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கீழே இன்னொரு கருத்து. பனித்துளி.

"அம்மா, நான் அன்னிக்குப் பயண அனுபவம்னு எழுதிட்டேன். தலைப்ப மட்டும் பாத்துட்டு எழுதினது. ரெண்டு நாளா வெக்கமா இருந்துது, அதான் வரல. இன்னிக்குக் கூடவே இருக்கேன்."

பிறகு சிந்தனைச்சுடர். பிறகு இன்னும் இரண்டு பேர். எட்டுச் சொல் வேண்டுமென்ற சட்டத்தை யாரும் நினைக்கவில்லை. "ரெண்டாவது டம்ளர் ஆச்சா?" என்று ஒருவர். "யாரும் ஜோக் சொல்லிடாதீங்க, சிரிச்சா ஆபத்து" என்று இன்னொருவர்.

"நாலும் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. முட்டுது" என்று ஜன்னல்சீட்டு எழுதினார். "ரூட்டுல நாலு மணி நேரம் அடக்கிப் பழக்கம்தான். ஆனா இப்ப முடியல. பயத்துலயா தண்ணியிலயான்னு தெரியல. யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டே இருங்க. தூக்கம் வர மாதிரி சொன்னாலும் சரி."

அப்போதுதான் தலைவர் நுழைந்தார். டோக்கன் சார் நாற்காலியில் நெளிந்தார். தண்ணீர் குடித்தது அவர் இல்லை என்றாலும்.

"உறுப்பினருக்கு வணக்கம். நீரைத் தேக்குதல் குறித்து முப்பத்து நான்கு ஆண்டுக் கால அனுபவம் எனக்கு உண்டு. எந்த நீர்த்தேக்கமும் முழுக் கொள்ளளவில் உடனே உடைந்துவிடுவதில்லை. வடிவமைப்பில் அதற்கு மேலும் ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். எனவே தாங்கள் கலங்கத் தேவையில்லை. மதகுகளின் வகைகள் மூன்று. முதலாவது வகை யாதெனில்..."

மதகு பற்றி இருபத்தெட்டு வரி. ஒரு சொல்கூடக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியது அல்ல. கடைசியில் மட்டும் ஒரு வரி தனியாக நின்றது: "என் துணைவியாருக்கும் இதே ஸ்கேன் எடுத்தபோது நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். போயிருக்க வேண்டும்."

அதற்கு ஜன்னல்சீட்டு எழுதினார்: "ஐயா, மதகு பத்தி இப்பவா சொல்வாங்க! அக்கா சிரிக்கிறா, என்னையும் சிரிக்க வக்கிறா. நர்ஸ் மொறைக்கறாங்க. என் நம்பரக் கூப்பிட்டாச்சு. போறேன்."

அதன் பிறகு எதுவும் வரவில்லை. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டோக்கன் சார் நாற்பத்தோராம் நம்பரை இரண்டு தடவை கூப்பிட்டார். ஸ்கேன் எத்தனை நிமிடம், ரிப்போர்ட் அடிக்க எத்தனை நிமிடம் என்பது அவருக்கு அத்துபடி. அதனால்தான் கூடுதல் கலக்கம். சோலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இரண்டு முறை, "எப்ப வரும்?" என்று அடிக்கப் போய் அழித்தார். எண்பது பேரும் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்தான். கேட்பவன் நாக்கில் அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினொன்றேகாலுக்கு வந்தது.

"சார், குடைய மறந்துட்டு வந்துட்டேன்."

டோக்கன் சார் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கூடத்தில் இருபது பேரும், நிரம்பியிருந்த நிலையில், துள்ளி விழுந்தார்கள். "என்ன சார் ஆச்சு?" என்று நர்ஸம்மா ஓடி வந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமே இல்ல!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே பனித்திருந்தது.

சோலையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "என்ன குடை?" என்றார் பனித்துளி. "அங்கே மழையா?" என்றார் சிந்தனைச்சுடர். "ரிசல்ட் என்னம்மா?" என்று நான்கு பேர்.

"சின்ன நீர்க்கட்டிதானாம். மாத்திரை குடுத்திருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அக்கா குடைய எடுக்கத் திரும்பிப் போயிருக்கா. நான் வெயில்ல நிக்கறேன், நல்லா இருக்கு."

வாழ்த்துகள் குவிந்தன. எல்லாம் அவரவர் கையால் அடித்தவை. எழுத்துப்பிழை இருந்ததிலிருந்தே தெரிந்தது. தலைவர் மட்டும் விடுவதாக இல்லை. "மகிழ்ச்சி. எனினும் குடை குறித்த குறிப்பு தெளிவாக இல்லை. ககனச்சிறகு அவர்கள் விளக்கம் அளிக்கவும்" என்றார்.

தலைவர் விளக்கம் கேட்பது இது இரண்டாவது தடவை. டோக்கன் சார் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் இந்த ஒரு வரியை அவர் யாருக்கும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

"என் இருநூற்றுப் பன்னிரண்டாவது பதிவு, ஐயா. பதினாறு வரிதான். படித்துப் பாருங்கள். கருத்துப் போட வேண்டாம்."

பிறகு நாற்பத்திரண்டாம் நம்பரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். காத்திருந்த வயதான ஒருவர் எழுந்து மேசைக்கு வந்து நின்று, "சார், ரொம்ப நேரமாகுமா?" என்று கேட்டார்.

டோக்கன் சார் வாயெடுத்தார். உக்காருங்க என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு, கணினியை ஓரமாகத் தள்ளினார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.